ஞாயிறு காலை நடை: டர்பன் இயற்கைக் கிளப்புடன் ஆறு வருடம்

சிதம்பரத்தில் பிறந்தவள் நான். பிச்சாவரம் அலையாத்திக் காடு எங்களுக்குப் பள்ளிச் சுற்றுலா போகும் இடம், ஊருக்கு யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் இடம். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து பதினாறு வருடம் கழித்துத்தான், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்தில் அதே மரங்கள் அதே மாதிரிச் சேற்றில் நிற்கின்றன என்று தெரிந்துகொண்டேன். உம்கேனி ஆற்றுப் பாலத்தை அதற்கு முன்னால் எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன். இறங்கிப் பார்க்க வைத்தது இந்தக் கிளப்தான்.

டர்பனில் பறவைக்கு என்று, செடிகொடிக்கு என்று, பொதுவாக இயற்கைக்கு என்று சில குழுக்கள் இயங்குகின்றன. நான் ஆறு வருடமாகப் போய்வருவது அவற்றில் ஒன்று. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் 'கிளப்' என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் அடிக்கடி கேட்பார்கள்: "அங்கே போய் என்ன செய்வீங்க டீச்சர்? பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமா? பயமில்லையா?" அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

பயத்திலிருந்தே தொடங்கலாம். டர்பனில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காப்புக்காடுகள் நகரத்துக்கு நடுவிலேயே இருக்கின்றன. ஆனால் ஒரு பெண் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு தனியாக உள்ளே போக முடியாது. வழிப்பறி இங்கே வெறும் வதந்தி இல்லை. கிளப் நடையில் பதினைந்து இருபது பேர் சேர்ந்து போகிறோம். முன்னால் வழி தெரிந்த ஒருவர், வரிசையின் கடைசியில் ஒருவர். அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது, அதுதான் முதல் விதி. கார்களை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டுக் காவலுக்கு ஆள் வைப்பார்கள். ஆறு வருடத்தில் எங்களுக்கு ஒரு ஆபத்தும் வந்ததில்லை. என் கணவர் முதல் மூன்று மாதம் துணைக்கு வந்தார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்துவிட்டார்.

ஆண்டுச் சந்தா ஒரு குடும்பம் ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவுக்கு மேல் போகாது. முதல் இரண்டு நடைக்குச் சந்தாவே கேட்க மாட்டார்கள். பைனாகுலர் இல்லாதவர்களுக்கு இரவலாகத் தர நாலைந்து வைத்திருக்கிறார்கள். கோடையில் காலை ஐந்தரைக்கே கூட வேண்டும், குளிர்காலத்தில் ஏழு மணி (இங்கே கோடை டிசம்பர் பக்கம், குளிர்காலம் ஜூன் பக்கம்). பேச்சு முழுக்க ஆங்கிலம்தான், ஆனால் மரங்களுக்கு இந்த மண்ணின் ஜூலு மொழிப் பெயரும் சேர்த்தே சொல்வார்கள். முழுக்கால் சட்டை, அதன் நுனியை உள்ளே விட்டு மேலே இழுத்த காலுறை, மூடிய ஷூ. இது அழகுக்காகச் சொல்வதில்லை. புல்லில் உண்ணி இருக்கும், உண்ணிக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் தலை தூக்க முடியாது. எனக்கு ஒரு முறை வந்திருக்கிறது.

பீச்வுட் அலையாத்திக் காடு. என் மனம் அங்கேதான் இருக்கிறது என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில், வடகரையில் இருக்கிறது அந்தக் காடு. மூன்று வகை மரங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று நிறத்தை வைத்துப் பெயர் சொல்கிறார்கள். வெள்ளை என்று அவர்கள் சொல்வது நம் வெண்கண்டல், அவிசென்னியா மரினா. சிவப்பு என்பது நம் சுரபுன்னை, ரைசோஃபோரா முக்ரோனாட்டா. ஏதோ தூரத்துச் சொந்தம் இல்லை, பிச்சாவரத்தில் நிற்கும் அதே இனங்கள். வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் வேர்கள் பென்சில் நட்டு வைத்ததுபோல மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது, அந்த வேர்கள் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது. சுரபுன்னை தன் வேர்களை ஊன்றுகோல்போலக் கால் அகட்டி நிற்கும். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கி, அப்புறம் விழுந்து சேற்றில் குத்திக்கொள்ளும். இதெல்லாம் சின்ன வயதில் பார்த்ததுதான். ஆனால் படகில் உட்கார்ந்து பார்த்தபோது இது ஏன் இப்படி என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நடையை நடத்திய அம்மா ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை. ஒரு வெண்கண்டல் இலையைப் பறித்துக் கொடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்பு கரித்தது. வேர் வழியே ஏறும் உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. அந்த ஒரு இலையில் எனக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

"தில்லை மரம் இங்கே உண்டா?" என்று அவரிடம் கேட்டேன். பெயர் புரியவில்லை. உடைத்தால் பால் வரும், கண்ணில் பட்டால் எரிச்சலில் கண்ணே தெரியாது என்றதும் சட்டென்று புரிந்துகொண்டு, எக்ஸோகேரியா அகல்லோச்சா என்று அறிவியல் பெயரைச் சொன்னார். அது இந்தக் கரைக்கு வரவில்லை என்றார். விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மாத நடையில் என்னை முன்னால் கூப்பிட்டு, எங்கள் ஊர்க் கோயிலுக்கும் அந்த மரத்துக்கும் என்ன தொடர்பு என்று எல்லோருக்கும் ஐந்து நிமிடம் சொல்லச் சொன்னார். தில்லை என்பதே சிதம்பரத்தின் பழைய பெயர், தில்லைவனத்தில் கூத்தனுக்குக் கோயில், கோயிலின் தலமரம் அதுதான் என்று சொன்னேன். சேற்றில் நின்றுகொண்டு இருபது பேர் கேட்டார்கள். இந்தக் கிளப் எனக்கு ஏன் பிடித்தது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இந்தக் காலையைத்தான்.

அதே சேற்றில் ஆண் நண்டுகள் ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டி ஆட்டி அழைப்பதைப் பார்க்கலாம். சேற்றுத் தாவி மீன்கள் வேரின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். குளிர்காலத்தில் அலையாத்தி மீன்கொத்தி வரும், சிவப்பு அலகு, நீல முதுகு. அதற்காகவே ஜூன் மாத நடைக்குக் கூட்டம் கூடிவிடும். நான் அதை நான்கு முறை போய் ஒரு முறைதான் பார்த்தேன்.

குழுவில் நம்மவர்கள் மூன்று நான்கு பேர்தான். அவர்களில் ஒரு அங்கிள் எழுபதைத் தாண்டியவர். அவருடைய தாத்தா காலத்தில் குடும்பத்துக்கே தொழில் கரைவலை. டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சால்ஸ்பரி தீவில் தமிழ், தெலுங்கு மீனவக் குடும்பங்கள் குடியிருந்தன. துறைமுகம் பெருகப் பெருக அவர்களை அங்கிருந்து பெயர்த்துவிட்டார்கள். விரிகுடாவைச் சுற்றி இருந்த அலையாத்திக் காடும் பெரும்பாலும் அப்படித்தான் போயிற்று, பேஹெட் பக்கம் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. அங்கிள் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. நீர் எந்தப் பக்கம் சுழிக்கிறது, திட்டு எப்போது வெளியே வரும், எந்தத் திட்டில் பறவை முதலில் இறங்கும் என்று பார்த்தே சொல்லிவிடுவார். ஜூன், ஜூலையில் தெற்கிலிருந்து மத்தி மீன் கூட்டம் கரையோரமாக ஏறி வரும்போது, வெள்ளைக் கானெட் பறவைகள் வானத்திலிருந்து ஈட்டிபோலக் கடலில் விழுவதைக் காட்டி, "அந்தக் காலத்துல நாங்க வலை எடுத்தது இதைப் பார்த்துத்தாம்மா" என்பார்.

அங்கிளும் நானும் ஜோடி சேர்ந்து செய்வது நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. தென்னாப்பிரிக்கா முழுவதும் 1992 முதல் வருடத்துக்கு இரண்டு முறை, நடுக்கோடையில் ஒன்றும் நடுக்குளிர்காலத்தில் ஒன்றுமாக, ஏரிகளிலும் கழிமுகங்களிலும் எண்ணுகிறார்கள். அவர் எண்ணுவார், நான் எழுதுவேன். முதல் தடவை பறந்து இடம் மாறியவற்றை இரண்டு முறை எழுதித் தொலைத்தேன். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி மறுபக்கம் வரை போக வேண்டும், நமக்குப் பின்னாலிருந்து முன்னால் பறந்து போனதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கோடையில் திட்டு முழுக்க உள்ளான்கள். பச்சைக்காலியும் வளைமூக்கு உள்ளானும் வடக்கே சைபீரியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகின்றன. அதே இனங்கள் கோடியக்கரைக்கும் போகின்றன. டிசம்பரில் அங்கே என் அண்ணன் பார்க்கிறார், இங்கே நான் பார்க்கிறேன். இரண்டு பேரும் போனில் எண்ணிக்கை சொல்லிக்கொள்கிறோம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தை டர்பன்காரர்கள் மறக்க மாட்டார்கள். 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆறு கொண்டுவந்த குப்பை முழுவதும் கழிமுகத்திலும் கடற்கரையிலும் குவிந்தது. பிளாஸ்டிக் பாட்டில்கள் வெண்கண்டலின் மூச்சு வேர்களுக்கு மேலே பாய் விரித்ததுபோல மூடிக் கிடந்தன. வேர் மூடினால் மரம் செத்துவிடும். கிளப் அன்றிலிருந்து பல வாரம் நடை எதுவும் வைக்கவில்லை, ஞாயிறுதோறும் கையுறையும் சாக்கும்தான். அப்போது நான் பொறுக்கியவற்றில் ஒரு பங்கு நம் வீட்டுப் பொருள்கள். பிளாஸ்டிக் மாலை, கற்பூர டப்பா, ஊதுபத்தி அட்டை, சாமி படத்தின் கண்ணாடிச் சட்டம், கால் உடைந்த ஒரு பிள்ளையார். ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் புளூ லகூனில் நாம் கரைப்பதும் விடுவதும் பாதி அந்த மரங்களுக்கு நடுவே போய்த்தான் ஒதுங்குகின்றன. பக்கத்தில் நின்ற கிளப் ஆட்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆசிரியை அம்மா பிள்ளையாரைக் கையில் எடுத்து, "இதைச் சாக்கில் போடலாமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று என்னிடம் கேட்டார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். அந்த வருடத்திலிருந்து எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே வழக்கம்: ஆற்றுக்குப் பூவும் பழமும் மட்டும். மாலை கட்டிய நைலான் நூலைக்கூட அறுத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பெரியவர்களில் சிலருக்கு என்மேல் கோபம். பரவாயில்லை.

சாட்ஸ்வர்த்காரர்களுக்கு மிகப் பக்கம் சில்வர்கிளென் காப்புக்காடு. மற்றவர்கள் அதைப் பெரிதாக நினைப்பதில்லை, என் கணக்கில் குடும்பத்தோடு முதலில் போக வேண்டிய நடை அதுதான். அங்கே மாநகராட்சியின் மூலிகை நாற்றங்கால் இருக்கிறது. ஜூலு வைத்தியர்கள் பயன்படுத்தும் செடிகளைக் காட்டிலிருந்தே பிடுங்கிப் பிடுங்கிச் சில இனங்கள் அரிதாகிவிட்டன. பெப்பர்பார்க் மரத்தைச் சுற்றிலும் பட்டை உரித்தால் மரம் பட்டுப்போகும். அதனால் இங்கே கன்று வளர்த்துக் கொடுக்கிறார்கள். அந்த நடையை நடத்தியது தாவரவியல் படிக்கும் ஒரு ஜூலு இளைஞன். பாதையோரத்தில் ஒரு செடியைக் காட்டி, இது இமிஃபினோ, எங்கள் பாட்டி சமைப்பார் என்றான். பார்த்தால் முளைக்கீரைக் குடும்பத்துச் செடி! டர்பன் நம்மவர்கள் கீரையை 'ஹெர்ப்ஸ்' என்பார்கள், அதேதான். அடுத்து அவன் உம்சோபோ என்று காட்டியது மணத்தக்காளி. வாய்ப்புண்ணுக்கு நாங்கள் இதை வத்தலாக்குவோம் என்றேன். எப்படி என்று கேட்டுக் கைபேசியில் எழுதிக்கொண்டான். நடை ஒரு மணி நேரம் தாமதமாக முடிந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை.

அதே நடையில்தான் எனக்கு மனம் கசந்த ஒன்றும் நடந்தது. ஓடைப் பக்கம் ஒரு நாவல் மரம், காய்த்துக் கிடந்தது. நான் ஓடிப்போய்ப் பொறுக்கினேன். இது இங்கே வெட்ட வேண்டிய மரம் என்றார்கள். டர்பன் இருக்கும் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் நாவல் அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் அரசுப் பட்டியலில் இருக்கிறது. நம் முன்னோர்கள் 1860க்குப் பிறகு கப்பலில் வந்து இறங்கிய இந்த மண்ணில், நம் கொல்லையில் நின்ற மரத்தை அயல் என்று சொல்வதைக் கேட்கும்போது தொண்டையில் ஏதோ அடைத்தது. அந்த இளைஞன் அதைக் கவனித்திருக்க வேண்டும். கொஞ்ச தூரம் கூட்டிப் போய் இன்னொரு மரத்தைக் காட்டினான். அது உம்டோனி, நாவலுக்குச் சொந்தத் தங்கை, இரண்டும் சிசிஜியம் பேரினம். அதன் பழமும் ஊதாதான், சாப்பிடலாம், கொஞ்சம் துவர்ப்பு. பறவைகள் நாவல் கொட்டையை ஓடை ஓடையாகக் கொண்டுபோய்ப் போடுவதால் உம்டோனி நிற்கும் ஈரக்கரையெல்லாம் நாவலாகிவிடுகிறது என்றான். நியாயம் புரிந்தது. வீட்டு நாவலை வெட்ட இன்னும் மனம் வரவில்லை. ஆனால் கீழே விழும் பழத்தை இப்போதெல்லாம் தினமும் கூட்டி அள்ளிவிடுகிறேன், பக்கத்தில் ஒரு உம்டோனிக் கன்றும் நட்டிருக்கிறேன்.

பாம்பு பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆமாம், கரையோரக் காடுகளில் பச்சை மாம்பா உண்டு. ஒரு நடையில் கிளையில் பச்சையாக ஒன்று நெளிந்ததும் நான் அலறிவிட்டேன். நடையை நடத்தியவர் எல்லோரையும் அப்படியே நிற்கவைத்து, பைனாகுலரைக் கொடுத்துக் கழுத்தைப் பார்க்கச் சொன்னார். கழுத்துப் பக்கம் கறுப்புப் புள்ளிகள். அது புள்ளிப் புதர்ப்பாம்பு, விஷமே இல்லை. டர்பன் வீடுகளில் மாம்பா என்று அடித்துக் கொல்லப்படுவது பல நேரம் இதுதான். இரண்டு மாதம் கழித்து எங்கள் நாத்தனார் வீட்டுக் குளியலறையில் ஒன்று வந்தபோது, தூரத்தில் நின்று கழுத்தைப் பார்த்துப் புள்ளியைச் சொன்னேன். பாம்பு பிடிப்பவர் வரும்வரை கம்பை யாரும் தொடவில்லை.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிஜன் வேலி என்ற காப்புக்காடு சுமார் பத்து ஹெக்டேர்தான், நகரின் நடுவே, பல்கலைக்கழகத்துக்குக் கீழே. குளிர்காலத்தில் நெஞ்சு நிறையக் கரும்புள்ளியோடு ஒரு பூங்குருவி சருகுக்குள் நிற்கும், உலக அளவில் அருகிவரும் இனம். அது அசையும்வரை கண்ணுக்குத் தெரியாது. கிரான்ட்ஸ்க்ளூஃப் பள்ளத்தாக்கு அழகு, ஆனால் இறங்கி ஏறும்போது முழங்கால் பேசும். ஐம்பதைத் தாண்டியவர்கள் மேட்டுப் பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கேயே இருவாச்சி கிடைக்கும், குழந்தை அழுவதுபோலக் கத்தும். வால்பாறைக்குப் போய்த் தவம் கிடந்து பார்க்கும் குடும்பத்துப் பறவை இங்கே புறநகர் வீட்டு அத்திமரத்தில் வந்து உட்காருகிறது.

ம்துன்சினி பயணம் மட்டும் முழுநாள். வடக்கே இரண்டு மணி நேரம் போக வேண்டும். 1916இல் நட்டு வளர்த்த ராஃபியா பனைத்தோப்பு இருக்கிறது. அந்தப் பனை ஆயுளில் ஒரே ஒரு முறை காய்த்துவிட்டுச் செத்துப்போகும். அதன் பழத்தைத் தின்ன வரும் பாறு (பிணந்தின்னிக் கழுகு) ஒன்று உண்டு, வெள்ளையும் கறுப்புமாக. நண்டும் மீனும் தின்னும் என்றாலும் பழம்தான் அதற்கு முக்கியச் சாப்பாடு. நாங்கள் போனது புரட்டாசியில். அங்கிள் அதை அண்ணாந்து பார்த்து, "பாரும்மா, பாறுகூட விரதம் இருக்குது" என்று கைகூப்பினார். அந்தக் காட்சி நன்றாக அமைந்தது, பயண ஏற்பாடு அமையவில்லை. வாடகைக்கு எடுத்த பஸ் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். திரும்பும்போது நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. குழந்தைகளும் முதியவர்களுமாக ஒரு பெட்ரோல் கராஜில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். மாற்று ஏற்பாடு எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. கிளப்பின்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த நாள் அது. அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னேன். இப்போது தூரப் பயணம் என்றால் உறுப்பினர்களின் கார்கள்தான், யார் யாரோடு என்று முந்தின வாரமே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்த மாற்றம் எனக்குத் திருப்தி.

குறை சொல்ல இன்னும் இருக்கிறது. முப்பது பேர் சேர்ந்துவிட்டால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. முன்னால் நிற்பவர்கள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பறவை போய்விடும். கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி நான் மூன்று வருடமாகக் கேட்கிறேன். சில பழைய உறுப்பினர்களுக்குப் பட்டியலில் டிக் அடிப்பதே குறி, புதியவர் ஒரு கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் மௌனமாக நடப்பது தண்டனை. அவர்களுக்குச் சேற்று நண்டு நடையும் தகைவிலான் மாலையும் போதும். சாப்பாட்டில் மட்டும் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். செப்டம்பர் 24 பாரம்பரிய நாளில் வெட்டவெளியில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் பிராய் விருந்து நம் புரட்டாசியில் விழும். நான் சொன்ன முதல் வருடமே சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி வைத்தார்கள்.

தகைவிலான் மாலை என்றேனே. கிங் ஷாகா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மவுன்ட் மோர்லேண்ட் என்ற ஊரில் ஒரு நாணல் காடு. ஐரோப்பாவிலிருந்து வரும் தகைவிலான் குருவிகள் கோடை மாதங்களில் லட்சக்கணக்கில் இரவு தங்க அங்கே இறங்கும். விமான நிலையம் 2010இல் திறப்பதற்கு முன்னால் அவற்றை நினைத்துப் பெரிய கவலை இருந்தது. கூட்டம் எழும் இறங்கும் நேரம் தெரிய ராடார் வைத்தார்கள். மேட்டில் பாய் விரித்து, தெர்மாஸ் டீயும் வடையுமாக உட்கார்ந்துகொள்ளலாம். சூரியன் இறங்கும்வரை ஒன்றும் இருக்காது. அப்புறம் வானத்தில் தூசு மாதிரி ஏதோ தெரியும். அது கூடி, சுழன்று, கடைசிப் பத்து நிமிடத்தில் மழைபோல நாணலுக்குள் கொட்டும். இறக்கைச் சத்தம் காதில் விழும். எல்லா வருடமும் ஒரே அளவு வராது, அதனால் புறப்படுமுன் கிளப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நம்மவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று அங்கிளிடம் ஒரு நாள் கேட்டேன். நிறவெறி ஆட்சியின் 1953 சட்டத்தைச் சொன்னார். எந்தக் கடற்கரை யாருக்கு, எந்தப் பூங்கா பெஞ்சு யாருக்கு என்று பலகை வைத்த சட்டம், 1990இல்தான் நீக்கினார்கள். அவருடைய இளமை முழுக்க அந்தப் பலகைகளோடு போனது. ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போவது என்ற பழக்கமே அவர் தலைமுறைக்கு வரவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவும் இல்லை. "இப்போ கேட் திறந்திருக்கு, நாமதான் இன்னும் வெளியவே நிக்கிறோம்" என்றார். அதனால்தான் எங்கள் வகுப்புப் பெற்றோரிடம் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். போன வருடம் ஆறு குடும்பம் வந்தது, இரண்டு குடும்பம் சந்தா கட்டிச் சேர்ந்துவிட்டது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தாவரவியல் பூங்கா நடையில் தொடங்குங்கள். 1849இல் ஏற்படுத்திய பூங்கா, நுழைவுக் கட்டணம் இல்லை, பாதை சமம், உட்கார பெஞ்சு நிறைய. எண்பதை நெருங்கும் என் மாமியாரை அங்கேதான் கூட்டிப் போனேன். கரண்டிவாயன்கள் குளத்து மரத்தில் கூடு கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, கம்பி வேலிக்குள் நிற்கும் ஒரு சைக்காட் முன்னால் வந்தோம். பார்க்கக் குட்டைப் பனைபோல இருக்கும். 1895இல் ஓங்கோயே காட்டில் மெட்லி வுட் என்பவர் கண்டெடுத்த இனம். காட்டில் இருந்தது அந்த ஒரே மரம், அதுவும் ஆண். அதன் தண்டுகளைப் பெயர்த்து வந்து நட்டதுதான் இங்கே நிற்பது. உலகத்தில் எங்கே இருந்தாலும் எல்லாம் அதன் கன்றுகள், எல்லாம் ஆண். பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை, இப்போது அந்தக் காட்டின்மேல் டிரோன் பறக்கவிட்டுத் தேடுகிறார்கள். ஆசிரியை அம்மா சொல்லச் சொல்ல நான் அத்தைக்குத் தமிழில் சொன்னேன். அத்தை பேத்திகளுக்கு வரன் பார்ப்பதில் ஊறியவர். வேலியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அதையே பார்த்தார். அப்புறம் ஆசிரியை அம்மாவின் கையைப் பிடித்து, "நல்லாத் தேடச் சொல்லும்மா. நூறு வருஷத்துக்கு மேல ஒத்தையா நிக்குது" என்றார். நான் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் அந்த அம்மா தலையாட்டிவிட்டார்.